மாத்திரை, கோலி, பெல்ட்

காம்பஸ் முள் அந்தப் பையனின் உள்ளங்கையில் இறங்கி, புறங்கைத் தோலை உள்ளிருந்து கூடாரம்போலத் தூக்கிக்கொண்டு நின்றதாம். தலைமையாசிரியை இதைச் சொன்னபோது நாய்ப் பயிற்சிக்காரனுக்கு முதலில் தோன்றியது தொழில் சம்பந்தமான ஒரு கேள்விதான். அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? காரணமில்லாமல் எந்த நாயும் கடிப்பதில்லை என்பது அவன் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் கேட்க வாய் வரவில்லை. எதிரே கட்டுப் போட்ட கையோடு பையன் உட்கார்ந்திருந்தான். கட்டின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது. பையனின் அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவை உங்க பொண்ணு யார் மேலயாவது கை வெச்சா, வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்க,” என்றார் தலைமையாசிரியை.

இதற்குள் அவன் மகள் மேசை மேலிருந்த உலக உருண்டையைச் சுற்றிவிட்டு, நிற்பதற்குள் மறுபடி சுற்றி, இன்னும் வேகமாகச் சுற்றி, கீழே தள்ளியிருந்தாள். உருண்டை அச்சிலிருந்து கழன்று நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஓடியது. “நான் பிடிக்கிறேன், நான் பிடிக்கிறேன்!” என்று மேசைக்கடியில் பாய்ந்தவளின் தலை மேசையில் இடித்து, தண்ணீர்த் தம்ளர் கவிழ்ந்து, தலைமையாசிரியையின் மடி நனைந்தது.

ஒன்பது வயது. சொந்தப் பெயரில் கூப்பிடுகிறவர்கள் குறைவு. வீட்டில், தெருவில், வகுப்பில் எல்லோருக்கும் அவள் பம்பரம்.

பள்ளிக் கேட்டைத் தாண்டியதும் அவன் அவளை அறைந்தான்.

சத்தம் எதிர்க்கடை வரை கேட்டிருக்க வேண்டும். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பம்பரத்தின் கன்னத்தில் நாலு விரலும் எழுந்து நின்றன. அவள் அழவில்லை. ஓடவில்லை. அசையாமல் நின்றாள். அவளை அப்படி அசையாமல் அவன் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. ‘அடித்தால் நிற்கிறாள்’ என்ற எண்ணம் நாக்கில் வெல்லம் பட்டதுபோல ஒரு கணம் இனித்தது. அந்த இனிப்புதான் அவனைக் கதிகலங்க வைத்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாயின் மேல்கூட அவன் கை நீட்டியதில்லை.

“அவன் என் நோட்டுல எச்சி துப்பினான்பா,” என்றாள் பம்பரம். “துப்பாதேன்னு சொன்னேன். மறுபடியும் துப்பினான். அப்புறம் என் கையே போய்க் குத்திடுச்சு. நான் போகல, கைதான் போச்சு.”

ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அவர்கள் வீடு. முன்பக்கம் இரண்டு அறை. பின்பக்கம் கம்பி வேலி போட்ட மைதானமும் கூண்டுகளும். கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் காவல் நாய்களைப் பழக்கிக் கொடுப்பது அவன் வேலை. கூண்டில் இருந்த நாய்களில் முதல்தரம் ஒரு கருப்பு நாய். பெயர் வக்கீல். வாயைத் திறந்தால் தெருவே கேட்கும், பிடித்த பிடியை விடாது என்பதால் அந்தப் பெயர். பயிற்சியில் ஒருவர் கைக்குத் தடிமனான சாக்கு உறை மாட்டிக்கொண்டு கம்பை ஓங்குவார். வக்கீல் பாய்ந்து ஓங்கிய கையைக் கவ்வும். கவ்வ வைப்பது சுலபம். விட வைப்பதில்தான் உயிர் போய் உயிர் வரும். “விடு” என்று தாழ்ந்த குரலில், ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்கிறவர் ஆணி அடித்ததுபோல நிற்க வேண்டும். கத்தினாலோ, கையைக் காலை ஆட்டினாலோ சண்டை இன்னும் முடியவில்லை என்று நினைத்து நாய் இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

அவன் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொடுப்பவள். வலியோடு வந்தவர்கள் மறுநாள் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து, அட்டைக்குள் அடங்காத நோயே இல்லை என்ற நம்பிக்கை அவளுக்கு வந்திருந்தது.

பம்பரத்துக்கு என்ன என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். குழந்தைகள் டாக்டரம்மா பொறுமையாகப் பரிசோதித்து, கவனக்குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்று சொல்லியிருந்தார். “இது சேட்டையும் இல்ல, உங்க வளர்ப்புக் குத்தமும் இல்ல. மாத்திரை இருக்கு, அது இருக்கிற நேரத்துக்குக் கவனத்தைப் பிடிச்சு நிறுத்தும். பழக்கப் பயிற்சி இருக்கு. அதுல முதல்ல பழக வேண்டியது நீங்க ரெண்டு பேரும்தான். சில பிள்ளைங்களுக்கு ஒண்ணு போதும், சில பேருக்கு ரெண்டும் வேணும். இவளுக்கு ரெண்டையும் சேர்த்தே ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன்.”

இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். மாத்திரை என்ற பாதி அவளுடைய காதில் தங்கியது. பயிற்சி என்ற பாதி அவனுடைய காதில். மற்றப் பாதியைக் கேட்டோமா என்றுகூட இருவருக்கும் சந்தேகம். வீட்டில் இரண்டும் அரைகுறையாகத் தொடங்கி அரைகுறையாகவே நின்றிருந்தன.

காம்பஸ் சம்பவம் நடந்த அன்று சாயங்காலமே மச்சான் வந்துவிட்டார். மச்சான் என்றால் அவளுடைய அண்ணன், லாரி ஓட்டுகிறவர். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வந்ததும் இடுப்பைத் தட்டிக் காட்டினார். அகலமான தோல் பெல்ட்.

“மூணாவதா ஒரு மருந்து இருக்கு மாப்ளே. கடையில கிடைக்காது. டாக்டர் எழுதித் தர மாட்டார். எங்கப்பன் எனக்குக் குடுத்தான். நான் என்ன கெட்டா போயிட்டேன்?”

“அதை நீங்களே சொன்னா எப்படி மச்சான்? வேற யாராவது சொல்லணும்.”

“பேச்சு நல்லாத்தான் இருக்கு. பிள்ளை இன்னொருத்தன் கையில ஓட்டை போட்டுட்டு வந்திருக்கு!” மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மலை மேல ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் இருக்கு. என் முதலாளி பையனை அங்கதான் விட்டாங்க. போகும்போது புலி. வரும்போது பூனை. வீட்ல இப்போ பேச்சே இல்ல.”

“பேச்சே இல்லையா, இல்ல பேசவே வரலையா?”

“ஏங்க, அண்ணன்கிட்ட இப்படியா பேசுறது?” என்றாள் மனைவி. “உங்க பயிற்சியைத்தான் பார்த்தோமே. பிள்ளையை நாயைப் பழக்குற மாதிரி பழக்குறீங்க.”

“நாயை நான் அடிக்கிறதில்ல. உங்கண்ணன் பிள்ளையை அடிக்கச் சொல்றார். யார் யாரை எப்படி நடத்துறாங்கன்னு நீயே யோசி.”

“அடிக்கிறதில்லையா? அப்போ அவ கன்னத்துல இருக்கிறது என்ன, மருதாணியா?”

பதில் இல்லாதபோது மனிதன் செய்வதை அவனும் செய்தான். மேசையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துச் சன்னலுக்கு வெளியே வீசினான். அவள் கையில் கிடைத்தது இடிகல்லின் குழவி. அது அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவர்க் கண்ணாடியைச் சில்லுச் சில்லாக்கியது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவள் அவன் புறங்கையைக் கடித்தாள். மச்சான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் இரண்டு பக்கம் தள்ளினார். இத்தனைக்கும் நடுவில் பம்பரம் கட்டில் மேல் ஏறி, “ரெஃப்ரி! ரெஃப்ரி! அம்மாவுக்கு ஒரு பாயிண்ட்!” என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்கி முடிந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். முடிவைச் சொன்னவர் மச்சான்தான். முதல் மாதம் மாத்திரை மட்டும். அடுத்த மாதம் பயிற்சி மட்டும். எது வேலை செய்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டும் தோற்றால் ஹாஸ்டல். மாப்ளையும் தங்கச்சியும் வாயைத் திறக்கக் கூடாது.

டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போட்டி என்று வந்த பிறகு நடுவர் லாரி ஓட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

மாத்திரை மாதம் நன்றாகத்தான் தொடங்கியது. பம்பரம் வகுப்பில் உட்கார்ந்தாள். “மண்டைக்குள்ள ஒரே கூட்டமா நிப்பாங்கம்மா. மாத்திரை போட்டா எல்லாரும் உக்காந்துடுறாங்க,” என்றாள். ஆனால் சாயங்காலம் மாத்திரையின் பிடி தளர்கிற நேரத்தில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமாக எழுந்தது. ஒருநாள் கதவின் கீழ்ப்பலகையை உதைத்தே பிளந்தாள். ஒருநாள் தலைவாரிய அம்மாவின் தோளில் பல் பதித்தாள். அவனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நாய்களுக்குத் தீனி வைக்க என்று அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், தான் செய்யக் கூடாததைச் செய்தான். நாய்த்தீனி டிரம்முக்குள் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ஒரு பை கோலிக்குண்டும் ஒளிந்திருந்தன.

விளையாட்டுக்குச் சிலை என்று பெயர். இரண்டு கையையும் தொடையில் ஒட்டிக்கொண்டு, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பிறகுதான் பேச வேண்டும். செய்தால் அந்த நொடியே பாட்டிலில் ஒரு கோலி. தாமதமாகக் கொடுக்கும் பாராட்டு தப்பான காரியத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது நாய்களிடம் அவன் படித்தது. போட்ட கோலியைத் திரும்ப எடுப்பதும் கிடையாது. பாட்டில் நிறைந்தால் வக்கீலுக்குச் சீப்புப் போடலாம். அதன் வாயிலிருக்கும் கந்தல் துணியை “விடு” என்று சொல்லி வாங்கலாம். முதலில் அவள் “விடு, விடு, விடுடா!” என்று குதிப்பாள், வக்கீல் துணியோடு அவளையும் சேர்த்து மைதானம் முழுக்க இழுக்கும். முழங்கால் தோல் உரியும். ஒருநாள் கோபத்தில் பாட்டிலையே கூண்டில் எறிந்து உடைத்தாள். அவன் வேறு பாட்டில் கொண்டுவந்தான். அந்த வாரக் கடைசியில் அவள் சிலையாக நின்றாள். நாய் விட்டது.

“அப்பா, அது எனக்கு விட்டுச்சு! எனக்கு!”

“அம்மாகிட்டச் சொல்லாதே.”

அடுத்த மாதம் அவன் முறை. இப்போது கோலிப் பாட்டில் பகிரங்கமாகச் சமையலறை அலமாரிக்கு வந்தது. மாத்திரை அட்டை பீரோவுக்குள் போனது. போனதாகத்தான் அவன் நினைத்தான். பயிற்சி மட்டும் என்றால் பள்ளியில் இன்னொரு கை ஓட்டையாகும் என்று அவளுக்குப் பயம். பொடித்தால் கெடாத மாத்திரைதான் என்பது அவளுக்குத் தெரியும். காலைப் பாலில் கலக்கினாள். பம்பரம் ஒரே மடக்கில் குடித்தாள்.

இரண்டு மாதமும் பள்ளியிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. காம்பஸ் குத்து வாங்கிய பையன்கூடக் கொஞ்சம் தள்ளி நின்று பேசத் தொடங்கியிருந்தான்.

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில்தான் சண்டை வெடித்தது. மாத்திரை மாதம் நன்றாகப் போனதற்குத் தன் கோலிதான் காரணம் என்று அவன் மனதுக்குள் சிரித்தான். கோலி மாதம் நன்றாகப் போனதற்குத் தன் மாத்திரைதான் காரணம் என்று அவள் உதட்டுக்குள் சிரித்தாள். இரண்டு பேரும் கள்ளாட்டம் ஆடியவர்கள் என்பதால் இரண்டு பேரும் வாயைத் திறக்க முடியவில்லை. மச்சான் தொலைதூர லோடு முடித்து வருகிற வாரம். அவரிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

“மாத்திரைன்னு சொல்லிடலாம்,” என்றாள் அவள்.

“பயிற்சின்னு சொல்லலாமே.”

“கோலிக்குண்டு போட்டா வியாதி போயிடுமா? கடையில யாராவது கேட்டா சிரிப்பாங்க.”

“கூண்டுல மயக்க மருந்து போட்டு நாயைப் படுக்க வெச்சு, ‘பாருங்க, எவ்வளவு சாது’ன்னு விக்கிறவன் இருக்கான். அவன்கூடச் சிரிப்பான்.”

தட்டு பறந்தது. பாட்டில் தப்பியது. கடைசியில், “சரி, ரெண்டையுமே செய்யலாம்,” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கோலி இல்லாமல் உன் மாத்திரை என்ன கிழிக்கிறது பார்ப்போம் என்று அவன் அன்றே சிலை விளையாட்டை நிறுத்தினான். மாத்திரை இல்லாமல் உங்கள் கோலி எவ்வளவு தூரம் உருளும் பார்ப்போம் என்று அவள் அன்றே பாலை வெறும் பாலாகக் கொடுத்தாள். ஒன்றுதான் என்று பேசிய காலத்தில் இரண்டும் நடந்தது. இரண்டும் என்று பேசிய பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.

பம்பரம் முதல் நாள் சன்னலிலிருந்து குதித்தாள். அடுத்த நாள் சமையலறைத் துணியைக் கொளுத்தினாள். தலைமுடி கருகிய வாசனையோடு சிரித்தாள். “பாத்தியா?” என்று அவன் கண்ணால் கேட்டான். “பாத்தீங்களா?” என்று அவளும் கண்ணால் கேட்டாள். இரண்டு பேருக்கும் தாங்கள் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைப்பு.

விடுமுறை நாள் மத்தியானம் லாரி வந்து நின்றது. மச்சான் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தங்கை டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் மைதானத்தின் கடைசியில் தீனிக் கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன பம்பரம், சாது ஆயிட்டியாமே? எங்க, ஒரு இடத்துல உக்காரு பாப்போம்.”

பம்பரம் உட்கார்ந்தாள். எழுந்தாள். நாற்காலியைச் சுற்றி ஓடினாள். “மாமா மாமா, லாரி கண்ணாடி இங்கிருந்து எட்டுமா?” என்றாள். எட்டுமா எட்டாதா என்று அவர் சொல்வதற்குள் கல் கையைவிட்டுப் போயிருந்தது. பக்கக் கண்ணாடி வெடித்துத் தரையில் கொட்டியது.

மச்சான் எழுந்தார். டீத் தம்ளர் உருண்டது. பெல்ட்டின் கொக்கி கழன்ற சத்தம் கொட்டகை வரை கேட்டது.

முதல் அடி முதுகில். சட்டைத் துணி கிழிந்த சத்தமும் தோல் கிழிந்த சத்தமும் சேர்ந்தே வந்தன. இரண்டாவது அடி தொடையில் சுற்றிக்கொண்டது. “நில்லு! நில்லுன்னா நிக்கணும்!” என்று ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு வார்த்தை. அவள் நின்றால் அடுத்தது விழும். ஓடினால் துரத்தி விழும். அவன் கொட்டகையிலிருந்து ஓடிவந்தான். சாவி எங்கே விழுந்தது என்று தெரியாது. பம்பரம் கூண்டுகள் பக்கம் ஓடி, யோசிக்காமல், வழக்கம்போல அவள் போகாமல் கை மட்டும் போய், வக்கீலின் கூண்டுத் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.

வக்கீல் வெளியே வந்து பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். ஓங்கிய கை.

சாக்கு உறை இல்லாத கை. பற்கள் முழங்கைக்குக் கீழே இறங்கின. மச்சான் அலறிய அலறலில் மற்ற கூண்டுகள் எல்லாம் கொதித்தன. அவர் கையை உதறினார்; உதறியபோது சதை ஒரு பக்கமாக வாழைத்தோல் போல உரிந்து வந்தது. பெல்ட்டை இடது கைக்கு மாற்றி நாயின் முகத்தில் அடித்தார். வக்கீல் தலையை இடமும் வலமும் ஆட்டியது. உள்ளே எலும்பு முறிகிற சத்தம், காய்ந்த சுள்ளியை மிதித்ததுபோல. மனைவி உள்ளிருந்து ஓடிவந்து துடைப்பக்கட்டையால் நாயின் முதுகில் வெளுத்தாள். “விடு சனியனே! விடு! அண்ணா!” அவனும் ஓடிவந்த வேகத்தில் “விடு! விடு!” என்று கத்தினான். தன் தொழிலின் முதல் பாடத்தைத் தானே மிதித்தான். நாய் இன்னும் உள்ளே பிடித்தது. மச்சான் முட்டிபோட்டு விழுந்தார்.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. மனைவியைத் தோளைப் பிடித்து விலக்கித் தள்ளினான். நின்றான். கைகளைத் தொடையில் ஒட்டினான். ஒரு மூச்சு இழுத்தான்.

மூச்சு உள்ளே போன இடத்தில் சொல் வரவில்லை.

மகளின் முதுகில் கிழிந்த சட்டை வழியாகச் சிவந்த கோடு தெரிந்தது. தரையில் மச்சானின் ரத்தம் டீயோடு கலந்து ஓடியது. அந்தக் கையை அவன் பார்த்தான். இன்னும் கொஞ்சம் என்று ஏதோ ஒன்று அவனுக்குள் சொன்னது. பள்ளிக் கேட்டருகே நாக்கில் பட்ட அதே இனிப்பு. மச்சான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அவன் நிற்கிற விதம் அவருக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நேரம் அப்படி நின்றான் என்பது அவனுக்குப் பிறகும் தெரியவில்லை. ஒரு நொடியாக இருக்கலாம். ஒரு நொடி என்று பின்னால் அவனே சுருக்கிக்கொண்டிருக்கலாம்.

“விடு.”

தாழ்ந்த குரல். அவனுடையது இல்லை. பக்கத்தில் பம்பரம் நின்றிருந்தாள். கைகள் தொடையில் ஒட்டியிருந்தன. கண்ணீரும் சளியும் வாயில் இறங்கிக்கொண்டிருந்தன, துடைக்கவில்லை. கால் விரல்கள் மட்டும் மண்ணை நோண்டிக்கொண்டிருந்தன.

வக்கீல் விட்டது.

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அடுத்த கணம் வீறிட்டுக்கொண்டு ஓடிப்போய் வேலிக் கம்பியில் தலையை மோதினாள். அம்மா பிடித்து இழுக்கும்வரை மோதினாள். அவன் நாயைக் கூண்டில் அடைத்துவிட்டு, தன் சட்டையைக் கழற்றி மச்சானின் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

ஆஸ்பத்திரியில் மச்சானை உள்ளே கொண்டுபோனார்கள். முதுகில் களிம்பு பூசப்பட்ட பம்பரம் வராந்தா பெஞ்சில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக அவனும் மனைவியும்.

“மாத்திரை குடுத்தியா இல்லையா?” என்றான் அவன். “உண்மையைச் சொல்லு.”

“ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறதுன்னு பேசின நாள்ல இருந்து குடுக்கல. உங்க கோலி என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான்.” அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அதுக்கு முன்னாடி, உங்க மாசம் முழுக்கக் குடுத்தேன். பாலுல.”

அவன் வாய் பிளந்து பார்த்தான். பிறகு தன் பங்கைச் சொன்னான். தீனி டிரம், சிலை, நிறுத்தியது எல்லாம்.

அவள் கைப்பையால் அவன் முகத்தில் அடித்தாள். பையிலிருந்த சில்லறையும் சாவியும் பெஞ்சின் கீழே சிதறின. இன்னொரு அடி. மூன்றாவதற்கு ஓங்கிய கையை அவன் பிடித்தான். பிடித்த கையை இந்தத் தடவை முறுக்கவில்லை. உதடு கிழிந்து உப்புக் கரித்தது.

“இங்க எல்லாம் சண்டை போடக் கூடாது. வெளிய போய் அடிச்சுக்குங்க!” என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

“ரெஃப்ரி,” என்றாள் பம்பரம் பெஞ்சிலிருந்து, தலையைத் தூக்காமலேயே. “ரெண்டு பேரும் அவுட்.”

தையல் போட்டு, எலும்பை நேராக்கி, மச்சானைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். இரண்டு விரல்கள் இனிச் சரியாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கியர் பிடிக்கிற கை இல்லை, ஸ்டியரிங்கில் இருக்கிற கைதான் என்று மச்சான் அதற்கும் ஒரு ஆறுதல் கண்டுபிடித்தார். தங்கை அழுதுகொண்டே மருந்து வாங்கப் போனதும் அவனைக் கிட்டே கூப்பிட்டார்.

“நீ சும்மா நின்னே மாப்ளே.”

அவன் தரையைப் பார்த்தான்.

“நான் பாத்தேன். உனக்கு அந்த வார்த்தை தெரியும். வாயில வெச்சுக்கிட்டு நின்னே.”

போர்வை நுனியை இழுத்து மச்சானின் காலை மூடினான்.

“நான் உன் பிள்ளையை அடிச்சேன். நீ என்னை நாயை வெச்சு அடிச்சே. கணக்கு நேராயிடுச்சுன்னு வெச்சுக்க. தங்கச்சிக்கிட்ட நான் சொல்ல மாட்டேன்.” கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். “ஹாஸ்டல் வேண்டாம். பாசத்துல சொல்றேன்னு நினைச்சுக்காதே. நான் அத்தனை அடி அடிச்சு ‘நில்லு நில்லு’ன்னு கத்தினேன், நிக்கல. என் உயிர் போகுதுன்னதும் நின்னா. அது பெல்ட்டுல வந்தது இல்ல. மாத்திரையா கோலியான்னு எனக்குத் தெரியாது. நீங்களும் மொதல்ல தெரிஞ்சுக்குங்க.”

சில நாள் கழித்து டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவன் கொஞ்சம் மறைத்தான். எதை என்பது அவனுக்குத் தெரியும். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “தெரியாம பால்ல கலக்கறது இனிமே கிடையாது. திடீர்னு நிறுத்தறதும் கிடையாது. எதைக் குறைக்கணும், கூட்டணும்னாலும் இங்க வந்து கேளுங்க,” என்றார். “அப்புறம், அடி. அதை எந்தப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டாலும் அது வைத்தியம் இல்ல.” அவன் உதட்டில் கைப்பை போட்ட காயத்தையும் ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் காலை பம்பரம் அப்பாவின் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினாள். அம்மாவின் கண்ணெதிரே சிலை நின்று, பாட்டிலில் கோலி வாங்கினாள். அம்மாதான் போட்டாள். போடத் தெரியாமல் கொஞ்சம் தாமதமாகப் போட்டாள். அவன் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

பாட்டில் நிறைந்த நாளன்று மைதானத்தில் அவள் வக்கீலுக்குச் சீப்புப் போட்டாள். அவன் சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். பெல்ட் பட்ட இடத்தில் நாயின் முகவாயில் முடி இன்னும் முளைக்கவில்லை.

“அப்பா, அன்னிக்கு நீ சிலை நின்னேல்ல? நான் உன்னைப் பாத்துதான் நின்னேன்.” சீப்பு நின்றது. “நீ ஏன் ‘விடு’ன்னு சொல்லல?”

பம்பரம் கேள்வி கேட்டால் பதிலுக்கு நிற்கமாட்டாள். பதில் வருவதற்குள் மூன்று கேள்வி தாண்டிப் போயிருப்பாள். அவன் அதற்காகக் காத்திருந்தான். நாய் காதை ஆட்டியது. ஒரு லாரி சாலையில் போனது. அவள் போகவில்லை. சீப்பைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் போட்ட மாத்திரையா, இத்தனை நாள் போட்ட கோலியா, எது அவளை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். தொண்டை அடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

“மாமாவை இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும்னு இருந்துச்சு,” என்றான்.

அவள் யோசித்தாள். அவளுக்கு அது தெரியாத சமாசாரம் இல்லை. கை மட்டும் போகிற விஷயம்.

“அப்போ அன்னிக்கு உனக்குக் கோலி கிடையாது,” என்றாள்.

“கிடையாது,” என்றான் அவன்.

அவள் மறுபடி சீப்பை எடுத்தாள்.